ஆடு கொடுத்த சர்டிஃபிகேட்

கிரீட் தீவின் செங்குத்துப் பாறை இடுக்குகளில் ஒரு செடி முளைக்கிறது. பெயர் டிக்டமோ. குட்டிக் குட்டியாக வட்ட இலை, அதன்மேல் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளை ரோமம், தலையைத் தொங்கப்போட்ட இளஞ்சிவப்புப் பூ. நம்ம கற்பூரவல்லிக்குத் தூரத்துச் சொந்தம். தொட்டால் கை மணக்கும். இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் தானாக வளர்வதில்லை. இவ்வளவு பெருமை உள்ள மூலிகைக்கு சர்டிஃபிகேட் கொடுத்த நிபுணர் யார் தெரியுமா? ஒரு ஆடு.

வேடன் அம்பு விடுகிறான். காட்டாட்டின் மேல் தைக்கிறது. ஆடு பதறாமல் டிக்டமோவைத் தேடிப் போய் மேய்கிறது. அம்பு தானாகக் கழன்று விழுகிறது! சிரிக்காதீர்கள். எழுதி வைத்தவர் சாட்சாத் அரிஸ்டாட்டில். மனுஷர் உஷார் பார்ட்டி. 'என்று சொல்கிறார்கள்' என ஒரு வாலைச் சேர்த்துவிட்டார். வாட்ஸ்அப்பில் 'வந்ததை அனுப்பினேன்' போடும் பெரியப்பாக்களுக்கெல்லாம் ஆதிகுரு அவர்தான்.

அவருடைய சிஷ்யர் தியோஃபிராஸ்டஸ், தாவரவியலின் தந்தை. பிரசவ வலிக்கு இது கைகண்ட மருந்து என்றார். அம்புக் கதையையும் விடவில்லை. கூடவே இன்னொன்றும் எழுதினார்: செடி கிடைப்பது அரிது, ஏனென்றால் ஆடுகளுக்கு இதன்மேல் கொள்ளை ஆசை, மேய்ந்து தீர்த்துவிடுகின்றன. ஐயா, ஒரு நிமிஷம்! அம்பு பட்ட ஆடும் தின்கிறது, படாத ஆடும் தின்கிறது. அப்படியானால் அது வைத்தியமா, டிஃபனா? தந்தை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கவிஞர்கள் சும்மா இருப்பார்களா? கி.மு. 19இல் கண்மூடும்வரை வெர்ஜில் செதுக்கிக்கொண்டிருந்த 'ஈனியட்' காவியத்தில் நாயகன் ஈனியாஸ் மேல் அம்பு தைக்கிறது. கிழட்டு வைத்தியர் இயாபிக்ஸ் இடுக்கி போட்டு இழுக்கிறார், கையால் அசைத்துப் பார்க்கிறார், பச்சிலை வைக்கிறார். ம்ஹூம். எதிரிப் படை நெருங்குகிறது, பக்கத்தில் பையன் அழுகிறான், ஈனியாஸ் ஈட்டியை ஊன்றிக்கொண்டு பல்லைக் கடிக்கிறான். பெற்றவளுக்குப் பொறுக்குமா? அம்மா வேறு யாருமில்லை, வீனஸ் தேவி. மேகத்தில் ஒளிந்து வந்து, கிரீட்டில் பறித்த டிக்டமோவை வைத்தியரின் தண்ணீர்ப் பாத்திரத்தில் நைஸாகக் கலந்துவிடுகிறாள். கிழவர் அதைக் கொண்டு காயத்தைக் கழுவ, அம்பு சமர்த்தாக அவர் கையோடு வந்துவிடுகிறது. உடனே அவர், 'இது என் வித்தை இல்லை, ஏதோ தெய்வச் செயல்' என்று கூவுகிறார். ஜெயித்த கேஸில் கிரெடிட் வேண்டாம் என்ற ஒரே டாக்டர். அவரும் கற்பனைப் பாத்திரம்.

கிரீட்வாசிகள் இதற்கு வைத்த செல்லப்பெயர் 'எரொந்தாஸ்', காதல் செடி. காதலிக்காக இளவட்டங்கள் பாறையில் தொங்கிப் பறித்து வருவார்களாம். காதல் வீரியத்தைக் கூட்டும் என்றும் நம்பிக்கை. அது கூடுமோ என்னவோ, பறிக்கப் போனவன் உருப்படியாக இறங்கிவந்தால்தானே டெஸ்ட் பண்ண?

ஹாரி பாட்டரின் கடைசிப் புத்தகத்திலும் இதே சரக்குதான். ரானின் கைக்காயத்தில் ஹெர்மாயனி மூணு சொட்டு விடுகிறாள், ரத்தம் நிற்கிறது. 2,300 வருஷமாக மார்க்கெட் இறங்கவே இல்லை.

இப்போது கிரீட்டின் எம்பாரோஸ் கிராமத்துப் பக்கம் வயலிலேயே பயிராகிறது. காயவைத்து டீ போடுகிறார்கள். வெர்மூத் மதுவுக்கும் வாசனைக்காகப் போகிறது. அதில் நாலு கிளாஸ் உள்ளே இறங்கினால், தைத்தது அம்பா ஈட்டியா என்று யார் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்?