கலைச்சொல்லில் எல்லைத் தகராறு

கேள்வி: கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் ‘கிட்’ (Git) மென்பொருளின் கையேட்டைத் தமிழாக்கக் கலைச்சொல் பட்டியல் தொடங்கினோம். நாலு பேர் உட்கார்ந்தால் ஒரே விஷயத்துக்கு ஐந்து சொல் வருகிறது. பட்டியலை எப்படிக் காப்பாற்றுவது?
– ஒரு வாசகர், பாறசாலை

பதில்: ஐந்துதானா? பரவாயில்லை, ஒற்றுமையான குழு! ‘பிரான்ச்’ (கிளை) என்றால் என்னவென்று உங்கள் எல்லைப் பக்கத்தில் விளக்கவே வேண்டாம். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. உங்கள் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் எல்லையோரக் களியக்காவிளைச் சந்தையில் தினமும் ‘மெர்ஜ்’ (இணைப்பு)தான்!

விஷயத்துக்கு வருவோம். கிட்டின் சொந்தக் கலைச்சொல் பட்டியலையே பாருங்கள். ‘இண்டெக்ஸ்’ என்பதன் பழைய பெயர் ‘கேஷ்’. வழக்கொழிந்தது என்று குறித்து அதையும் வைத்திருக்கிறார்கள். ‘டிஃப்’ கட்டளையில் அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே! நீங்களும் தோற்ற சொல்லை அழிக்காமல், காரணத்தோடு ஓரமாக உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் அதையே தன் கண்டுபிடிப்பாகத் தூக்கிக்கொண்டு வருவார்.

‘செக்அவுட்’ கட்டளைக்கு ஒரே சொல் தேடி மண்டையை உடைக்காதீர்கள். அது கிளையும் மாற்றும், கோப்பையும் மீட்கும். அந்தக் குழப்பம் தீரத்தான் 2019-இல், 2.23 பதிப்பில், ‘ஸ்விட்ச்’, ‘ரெஸ்டோர்’ என இரண்டு கட்டளைகள் வந்தன. நீங்களும் பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பதிவு போடுங்கள். கட்டளைப் பெயரை மட்டும் தொடாதீர்கள். தமிழில் தட்டினால் கிட் மலையாளத்தில்கூடப் பதில் சொல்லாது.

பட்டியலையும் கிட்டிலேயே வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுதினால், யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று அதுவே சாட்சி சொல்லும். சண்டை நிற்காது, ஆரம்பித்தது யார் என்ற சண்டை நின்றுவிடும்.