ஆச்சி ஊசி நூலோட வாரா

ஏலே பேராண்டி, படம் கிழியுது கிழியுதுன்னு நீ போட்ட கூப்பாட்டுல உங்க ஆச்சி ஊசியும் நூலும் தேடப் போயிட்டா. உக்காரு.

மொதல்ல படத்து மேல பழியைப் போட்டே. வேற பிரிண்ட் இறக்குனே. அப்புறம் விஎல்சி சரியில்லைன்னு எம்பிவிக்குத் தாவுனே. இப்ப லினக்ஸையே வழிச்சு எறிஞ்சிட்டு வேற லினக்ஸ் ஏத்தப் போறியாக்கும். ஏத்து ராசா, ஏத்து. ஏத்துன கையோட நிழலையும் நெளிவையும் திரும்ப ஆன் பண்ணுவே, கிழிசலும் பின்னாலேயே வந்து சேரும்.

கிழவனுக்கு எப்படித் தெரியும்னு பாக்கியோ? உங்கப்பன் இதே மாதிரி சீக்குல முழிச்சப்ப பக்கத்துல வெத்தலை போட்டுட்டு உக்காந்திருந்தது நாந்தான். 2006-ல நோவெல் கம்பெனியில இருந்த டேவிட் ரெவ்மன் கம்பிஸ்னு ஒண்ணை விட்டாரு. இழுத்தா விண்டோ நெளியும், டெஸ்க்டாப் எல்லாம் ஒரே பெட்டியா சுத்தும். 2007 அக்டோபர்ல வந்த உபுண்டு 7.10, தாங்குற கார்டு இருந்தா அதைத் தானாவே போட்டு விட்டுச்சு. உங்கப்பன் அந்தப் பெட்டியைச் சுத்திச் சுத்திக் காட்டியே தெருவை மயக்குனான். படம் போட்டாத்தான் மானம் போச்சு.

ஏன்னு கேளு. இந்த நிழல், நெளிவு எஃபெக்ட் இல்லாதப்ப ஒவ்வொரு புரோகிராமும் நேரா திரையில வரைஞ்சிரும். எஃபெக்ட் வந்தா நடுவுல கம்போசிட்டர் உக்காருவான். எல்லா விண்டோவையும் மறைவுல வரையச் சொல்லி, நிழல் சேத்து, நெளிச்சு, அவந்தான் திரைக்கு விடுவான். அன்னைக்குப் பிளேயர்கள் பலதும் எக்ஸ்வீடியோ ஓவர்லேங்கிற குறுக்கு வழியில போனதுக. விண்டோவுல ஒரு நிறத்தைப் பூசிட்டு, 'இந்த நிறம் தெரியுத எடத்துல படத்தைக் காட்டு'ன்னு கார்டு காதுல ஓதிரும். பந்தியில பரிமாறுதவன் வர்றதுக்குள்ள இலையைத் தூக்கிட்டு அடுப்படிக்கே போன சம்பந்தி கதைதான். கம்போசிட்டர் கையில சிக்குறது வெறும் நீலம். பெட்டி சுத்தும், படம் மட்டும் நின்ன எடத்துலயே நிக்கும். இல்லன்னா நீலமா மினுக்கும்.

பிளேயர்ல வீடியோ அவுட்புட்டை எக்ஸ்வீடியோவுல இருந்து ஓப்பன்ஜிஎல்லுக்கு மாத்துனா சில கார்டுல தீந்துச்சு. வெறும் எக்ஸ்11-க்கும் மாத்தலாம். ஆனா படத்தைப் பெருசாக்குத பாரம் புராசசர் தலையில விழும், ஃபேன் அலறும். உங்கப்பன் அதைத்தான் பண்ணுனான். வீட்டுல வசனமே கேக்கலை.

உன் கதை வேற. 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 தடவை மேல இருந்து கீழ வரைஞ்சிட்டு வருது. பாதி வரையும்போது அடுத்த ஃபிரேமைத் திணிச்சா மேல பழசு, கீழ புதுசு. நீ கிழிசல்ங்கியே, அது இதுதான். இதுல ஒரு வேடிக்கை இருக்கு: திரை வரையுத வேகத்துக்கு ஒத்து ஃபிரேமை விடுத விசிங்க் ஒழுங்கா இருந்தா இந்தக் கம்போசிட்டரே கிழிசலைத் தடுப்பான். அதனால எஃபெக்டைக் கழட்டுனா சரியாயிரும்னு எவனாவது அடிச்சுச் சொன்னா நம்பாதே, நான் சொன்னாலும் சேத்துத்தான்.

கம்போசிட்டரை அணைச்சுப் பாத்துக் கண்டுபிடி. உன் டெஸ்க்டாப் எக்ஸ்எஃப்சிஇ தானே? செட்டிங்ஸ்ல விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ், அதுல கம்போசிட்டர், மொத டிக்கை எடு. உன் சேக்காளி பிளாஸ்மா 5-ஐ எக்ஸ்11-ல ஓட்டுதானே, அவன் ஆல்ட் ஷிஃப்ட் எஃப்12 அமுக்குனாப் போதும். படம் வழுக்கிட்டு ஓடுனா குத்தவாளி கம்போசிட்டர். படம் பாக்கும்போது மட்டும் அவனை வெளிய அனுப்பு. கிழிசல் கூடுனா அவனைக் கும்பிட்டுத் திரும்பக் கூப்பிடு. அவன் இருந்தும் கிழிஞ்சா டிரைவர்ல டியர்ஃப்ரீன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, இன்டெல், ஏஎம்டி ரெண்டுக்கும் உண்டு, அதைப் போட்டுப் பாரு. இல்ல, எக்ஸ்11-ஐ விட்டுட்டு வேலண்டுக்குப் போ. அங்க கம்போசிட்டர் இல்லாம ஒரு விண்டோவும் திறக்காது. கிழியாம முழு ஃபிரேமா காட்டணும்ங்கிறதும் அதைக் கட்டுனதுக்கு ஒரு காரணம்.

டிக்கை எடுத்துட்டியா? எடுத்துட்டு ஆச்சிக்கு ஒரு குரல் குடு, ஊசியில நூல் கோத்துட்டா போலிருக்கு.