எல்லாம் தெரிந்தவனின் தாய்லாந்து

போவதற்கு முன்பே எனக்குத் தாய்லாந்து தெரிந்திருந்தது. கோளாறே அதுதான். ராஜாவுக்கு ராமா என்று பட்டம், பழைய தலைநகர் அயுத்தயா, விமான நிலையம் சுவர்ணபூமி. இதற்குமேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? எங்கள் டூர் பஸ்ஸில் பாதிப் பேருக்கு நான்தான் கைடு. அசல் கைடான தாய்லாந்துப் பெண்மணி மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் எப்போது நிறுத்துவேன் என்று காத்திருப்பார்.

"அவங்க கும்பிடறது நம்ம வணக்கம்தான் சார்" என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கிக்கொண்டே, ஓட்டல் வாசலில் பெட்டி தூக்க வந்த பையனுக்கு முந்திக்கொண்டு பெரிய கும்பிடாகப் போட்டேன். பாவம், இரண்டு கையிலும் இருந்த பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு அவன் என்னைவிடத் தாழ்ந்து கும்பிட்டான். நான் விடுவேனா? இன்னும் குனிந்தேன். அவனும் குனிந்தான். குரூப் மொத்தமும் எங்கள் பின்னால் வெயிலில் நின்றது. 'வாய்' என்கிற அந்தக் கும்பிடுக்கு ஒரு முறை இருக்கிறது. சின்னவர்தான் முதலில் கும்பிட வேண்டும். பெரியவர் பதிலுக்கு லேசாகக் கை குவித்தால் போதும், பல இடங்களில் தலையசைப்பே போதும். நரைத்த தலையோடு நான் முதலில் குனிந்ததில் பையன் கூசிப்போயிருக்கிறான். ஆனால் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அந்த ஊரில் சங்கடம் வந்தாலும் சிரிப்பார்கள் என்று கைடம்மா பிறகு சொன்னார். அதுவரை என்னைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கெல்லாம் என்னைப் பிடித்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

அரண்மனை வாசலில் என் முக்கால் பேன்ட்டை நிறுத்திவிட்டார்கள். நம்மூர்க் கோயில்களில் அரை நிஜாரோடு வரும் வெள்ளைக்காரர்களைப் பார்த்து முணுமுணுப்பவன் நான். எதிர்க்கடையில் யானைப் படம் போட்ட தொளதொளப் பேன்ட் ஒன்றை, பேரம் பேச நேரமில்லாமல், சொன்ன விலைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளேதான் வாட் ப்ரா கேவ், மரகத புத்தர் கோயில். 1782-இல் பாங்காக்கைத் தலைநகராக்கிய முதலாம் ராமா, 'ராமகியன்' என்ற பெயரில் ராமாயணத்தையும் எழுத வைத்தவர். சுற்றுச்சுவர் முழுக்க 178 ஓவியங்களில் அந்தக் கதை ஓடுகிறது. என் நாக்குக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? வெள்ளை நிற அனுமனைக் காட்டி, பிரம்மச்சரியத்தின் மகிமை பற்றிப் பேசத் தொடங்கினேன். கைடம்மா முடிக்க விட்டார். பிறகு சேது கட்டும் காட்சிக்கு அழைத்துப்போய், கல்லைத் திருட வந்த கடல்கன்னியைக் காட்டினார். பெயர் சுவண்ணமச்சா, தொசகன் மகள். தொசகன் என்றால் நம் ராவணன்தான். அனுமன் அவளைப் பிடிக்கப் போய்க் காதலில் விழுந்து, அவர்களுக்கு மச்சானு என்று ஒரு பிள்ளையும் உண்டு. "ஏன் சார், பிரம்மச்சாரின்னு சொன்னீங்களே?" என்று கூட்டத்தில் ஒரு மாமி கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன். அந்தக் கோயில் வாசலைக் காக்கும் அரக்கர்களில் ராவணனும் ஒருவன் என்பதைக் கைடம்மா அதன்பின் சொன்னபோது நான் வாயே திறக்கவில்லை.

சன்னிதியில் மரகத புத்தர் உயரத்தில் இருக்கிறார். 66 சென்டிமீட்டர்தான் இருப்பார், பச்சைக்கல். வெயில், மழை, குளிர் என்று பருவத்துக்கு ஒன்றாக அவருக்கு மூன்று பொன்னாடைகள், மாற்றுபவர் ராஜா. இதைக் கேட்டபடி தரையில் உட்கார்ந்திருந்தவன், முட்டி வலிக்கிறதென்று இரண்டு காலையும் சுகமாக முன்னால் நீட்டினேன். காவலர் வந்து தோளைத் தொட்டார். சாமிக்கு நேரே காலை நீட்டாதே என்று என் பாட்டி தொடையில் கிள்ளிச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. அதற்குப் பாங்காக் வரை டிக்கெட் எடுத்திருக்க வேண்டியதில்லை.

மறுநாள் சோம் தம். பச்சைப் பப்பாளிக்காயைச் சீவி, மிளகாயும் எலுமிச்சையும் போட்டு உரலில் இடிப்பது. நான் சைவம் என்று சைகை செய்தேன். கடைக்கார அம்மா உலர்ந்த இறாலை ஒதுக்கிவிட்டு இடித்துக் கொடுத்தார். அந்த ருசி! ஒரு தட்டு முடித்துவிட்டு, இவ்வளவு ஆழமான சுவை எதில் வருகிறது என்று கேட்டேன். ஒரு பாட்டிலைக் காட்டினார்: நாம் ப்ளா, மீனை உப்பில் ஊறவைத்து எடுக்கும் சாறு. தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தே பார்க்கவில்லை. கூடவே மூங்கில் கூடையில் ஒட்டுச்சோறு வந்தது. உள்ளூர்க்காரனாகத் தெரிய வேண்டும் என்று குச்சி கேட்டேன். எங்கேயோ தேடி எடுத்து வந்தார்கள். அங்கே குச்சி நூடுல்ஸுக்கு மட்டும். சாதாரணச் சோற்றுக்கு ஸ்பூன், அதில் தள்ளிவிட ஃபோர்க். ஒட்டுச்சோற்றைக் கையால் உருட்டித்தான் சாப்பிடுவார்கள் என்று அடுத்த மேஜைச் சிறுமி செய்து காட்டினாள். பிறந்ததிலிருந்து கையால் சாப்பிடுபவன் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

இதையெல்லாம் மன்னிக்கலாம். ராட்சத ஊஞ்சலை மன்னிக்க முடியாது. 1784-இல் முதலில் நட்டு, பிறகு புதிதாக மாற்றிய சிவப்புத் தூண்கள். ஆட்கள் விழுந்து செத்ததால் 1935-இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அதை ஒட்டிய 'த்ரியம்பவாய்' விழாவில், அருகிலுள்ள கோயிலின் பிராமணர்கள் திருவெம்பாவைப் பாடல்களை உருமாறிய ஒலியில் இன்றும் ஓதுகிறார்கள். மார்கழிக் கூட்டங்களில் நான் உருகி உருகிப் பேசும் விஷயம். பஸ் அந்தத் தூண்களைச் சுற்றிக்கொண்டு போனபோது, நான் ஜன்னலில் தலை சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனாம். டூர்க்காரர்கள் இறக்கிவிட்ட நகைக்கடை, தோல்கடை, தேன்கடை எல்லாவற்றிலும் முழு விழிப்போடு இருந்தேன்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் போவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். கடைகளில் மஞ்சள் துணியில் சிவப்பாக ஒரு எழுத்துப் போட்டிருக்கும். அதற்கு 'ஜே' என்று பெயர்: மீன்சாறு கிடையாது, முட்டை கிடையாது, வெங்காயம் பூண்டு கூடக் கிடையாது. நான் அதை ஊரெல்லாம் பார்த்து, ஏதோ கட்சிக்கொடி என்று பஸ்ஸில் எல்லோருக்கும் விளக்கியிருந்தேன். நீங்கள் கைடைக் கேளுங்கள்.