வாடகையியல்: நாலந்தாவிலிருந்து கொழும்பு நோக்கி ஒரு முன்னாய்வு

யொஹான் ஹைன்ரிச் ஃபொன் தூனென் என்ற ஜெர்மன் பண்ணையார் 1826இல் ஒரு நகரத்தை நடுவில் வைத்துச் சுற்றிலும் வட்டங்கள் வரைந்தார். சந்தைக்குப் பக்கத்தில் பாலும் காய்கறியும், அப்பால் விறகு, பிறகு தானியம், கடைசியில் மேய்ச்சல். வில்லியம் அலொன்சோ 1964இல் அந்த வட்டங்களிலிருந்து காய்கறிகளை எடுத்துவிட்டு மனிதர்களை வைத்தார். மையத்தை விட்டு விலக விலக வாடகை குறையும், போக்குவரத்துச் செலவு கூடும், இரண்டும் தனக்குக் கட்டுப்படியாகும் புள்ளியில் மனிதன் குடியேறுவான் என்றார். இருவருக்கும் கொழும்பு வெள்ளவத்தையில் சித்தி இல்லை. அந்தக் கோட்பாடுகளின் அடிப்படைக் குறைபாடு அதுதான்.

எமது ஆய்வுக்களம் நாலந்தா. ஏ9 வீதியில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில், நாவுலைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. இலங்கையின் நட்டநடுப் புள்ளி இதுவே என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். நடுவில் இருப்பதன் பலன், எதற்கும் பக்கத்தில் இல்லாமல் இருப்பது. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர்கள் கால்நடையாக மாத்தளைக்குப் போனது இந்த வடக்குப் பாதையில்தான். எங்கே குடியிருப்பது என்று தேர்ந்தெடுக்கும் தொல்லை அவர்களுக்கு இருக்கவில்லை. கங்காணி லயத்துக் காம்பராவைக் காட்டினான், அவ்வளவுதான். தேர்வுச் சுதந்திரம் கிடைத்த தலைமுறைக்குத்தான் இந்த ஆய்வு தேவைப்படுகிறது: உயர்தரம் முடித்து, கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை கிடைத்து, ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தள்ளி ஒரு கட்டில் தேட வேண்டிய தலைமுறைக்கு.

முதல் இடறல் தபால் இலக்கங்களில் நேர்கிறது. கொழும்பு 1 முதல் 15 வரை இருப்பதைப் பார்த்த புதியவர் இதைத் தரவரிசை என்று நம்பிவிடுகிறார். 1 பணக்காரர், 15 ஏழை, எனவே நம் சம்பளத்துக்கு 11 சரிவரும் என்று கணக்குப் போடுகிறார். இலக்கங்களோ கோட்டையில் புறப்பட்டு, கொம்பனித்தெருவைத் தாண்டி, கடலோரமாகத் தெற்கே வெள்ளவத்தை வரை இறங்கி, கறுவாத்தோட்டம், பொரளை, தெமட்டகொடை, மருதானை என உள்பக்கமாகச் சுற்றிக்கொண்டு புறக்கோட்டைக்கு வந்து, கொட்டாஞ்சேனை வழியாகக் களனி கங்கையின் முகத்துவாரத்தில் முடிகின்றன. ஆக, 1க்குப் பக்கத்து வீட்டுக்காரர் 11. இந்தச் சுற்றில் 7ஐ மட்டும் ஆய்விலிருந்து விலக்கியிருக்கிறோம். அறை வாடகைக்கு விடப் போர்டு மாட்டும் பழக்கம் அங்கே வளரவில்லை.

இனி எமது கண்டுபிடிப்பு. இதற்கு ‘வாடகைக் காப்பு விதி’ என்று பெயரிட்டுள்ளோம்: கொழும்பில் வாடகை குறைவதே இல்லை, வேறு பேரேட்டில் எழுதப்படுகிறது.

சான்றுக்குப் புறக்கோட்டைக் கடை மாடிகளைப் பாருங்கள். மலையகத்திலிருந்தும் மாத்தளைப் பக்கத்திலிருந்தும் வேலைக்கு வரும் பையன்கள் கடைக்கு மேலேயே படுத்துக்கொள்கிறார்கள். வாடகை சைபர். ஆனால் ஷட்டர் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் முதலாளியின் வாயில் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு லொறி வந்தால் மூட்டை இறக்க வேறு யாரைத் தேடுவார்? வாடகை தூக்கத்திலிருந்து கழிக்கப்படுகிறது. வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் போனால் நகருக்குள் சிறிய அறைக்குக் கொடுக்கும் காசுக்கே பெரிய அறை கிடைக்கும். அங்கே மீதித் தொகையை வசூலிப்பது களனி கங்கை. 2016 மே வெள்ளத்தில் கூரை வரை போய் வசூலித்தது. வத்தளை, ஹெந்தளை என்று கங்கையைத் தாண்டினால் காற்றும் முற்றமும் உண்டு, கட்டணம் பேலியகொடை நெரிசலில் எடுக்கப்படும். ஒரு மனிதன் நாளொன்றுக்குப் பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் சம்மதித்துக் கொடுப்பான் என்று இத்தாலிய இயற்பியலாளர் சேசாரே மார்க்கெட்டி 1994இல் எழுதினார். காலை ஏழரைக்கு நீர்கொழும்பு வீதியில் நின்றிருந்தால் ‘சம்மதித்து’ என்ற சொல்லை நீக்கியிருப்பார்.

வெள்ளவத்தைக்குத் தனி இயல் வேண்டும். காலி வீதி அதைக் ‘கடல் பக்கம்’, ‘தரைப் பக்கம்’ என்று இரண்டாக வகுக்கிறது. கடல் பக்கம் வாடகை கூட. அந்தக் கூடுதலுக்கு ஈடாகக் கிடைப்பவை உப்புக் காற்றும், அது தின்னும் மின்விசிறியும் வாசல் கேட்டும், வீட்டுக்கும் அலைக்கும் இடையில் ஓடும் கரையோர ரயிலும். புரோக்கர் இதைக் ‘கடல் காட்சி’ என்பார். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது காட்சி தெரியும். தரைப் பக்கம் உள்ளே போகப் போக வாடகை இறங்கி, பாமன்கடையை நெருங்கும்போது மனிதன் வாங்கக்கூடிய அளவுக்கு வரும். அங்கே ‘அனெக்ஸ்’ என்று விளம்பரம் செய்யப்படுவது, ஒரு காலத்தில் கராஜாக இருந்து, கார் விற்கப்பட்டதும் மனித வாழ்வுக்குத் தகுதி பெற்ற இடம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று எழுதி வைத்தது. அதை எந்த வீட்டுக்காரரிடமும் எடுத்துச் சொல்ல வேண்டாம் என்பதே எமது கள ஆலோசனை. ஆறு மாதம் கேட்பவர் படித்தவராகவும் இருந்துவிட்டால், அந்தச் சட்டம் எந்தெந்த வீட்டுக்குச் செல்லாது என்ற விளக்கத்தையும் நின்றபடியே கேட்க நேரும்.

அறை பார்க்கப் போவது அறையைப் பார்ப்பதற்கல்ல. அம்மா, அதாவது வீட்டுக்கார அம்மா, உங்களைப் பார்ப்பதற்கு. வாயிற்படியில் நடக்கும் நேர்முகத் தேர்வு பெரும்பாலும் இப்படிப் போகும்:

“தம்பிக்கு எந்த ஊர்?”

“நாலந்தாங்க.”

“அது தெரியும், என்ர மருமகன் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிட்டதான் வேலை. நான் சொந்த ஊரைக் கேக்கிறன்.”

கொழும்பு 10இல் 1925இல் தொடங்கிய நாலந்தா கல்லூரி ஊரை முழுவதுமாக விழுங்கிவிட்டது. மாத்தளைப் பக்கம் என்று விளக்கினால் ஒரு “ஓ” வரும். அந்த “ஓ”வின் நீளத்தை அளக்கும் கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. வாடகை அதைப் பொறுத்தே தீர்மானமாகிறது. அடுத்து, “என்ன ஆக்கள்?” என்ற கேள்வி நேராக வராது. தாத்தா எங்கே வேலை பார்த்தார், மாமா பெயர் என்ன, எந்தக் கோயில் என்று சுற்றிக்கொண்டு வரும். சைவச் சாப்பாடா என்பதும் விசாரிக்கப்படும். சமைக்கவே கூடாது என்பது நிபந்தனையாக இருந்தாலும் விசாரிக்கப்படும்.

இதனால்தான் அனுபவசாலிகள் விளம்பரம் பார்ப்பதில்லை. ஊரிலிருந்து முதலில் போனவர் எந்தச் சந்தில் இறங்கினாரோ அந்தச் சந்துதான் ஊருக்குக் கொழும்பு. ஒருவர் செட்டியார் தெருக் கடைக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்து கொட்டாஞ்சேனையில் தங்கியிருந்தால், இருபது வருடம் கழித்துப் போகிறவனும் 102ஆம் இலக்க பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்கே போவான். ‘தேர்வு’ நடந்து முடிந்தது அவன் பிறப்பதற்கு முன்னால். “தம்பி, சித்தி வீட்டுல ரெண்டு மாசம் இரு, அப்புறம் பாத்துக்கலாம்” என்று அம்மா அனுப்பிவைக்கும் வசனம் இந்த ஏற்பாட்டின் ஒப்பந்தப் பத்திரம். சித்தி வீட்டு வாடகையும் சைபர்தான். வரவு வைக்கப்படும் பேரேடு: அவர் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தல், காஸ் சிலிண்டர் தூக்குதல், இரவு ஒன்பதுக்குப் பிறகு ஏன் வந்தாய் என்பதற்கு எழுத்தில் இல்லாத விளக்கம்.

ஒரு காலத்து வாடகை எமது விதிக்குள் அடங்காது. போர்க்காலத்தில் கொழும்பில் அறை எடுத்த தமிழர் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. வீட்டுக்காரர்கள் முன்பணத்துக்கு முன்னால் அந்தத் துண்டைக் கேட்டார்கள். 2007 ஜூன் 7 அதிகாலை லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எந்தப் பேட்டை மலிவு என்பதல்ல அப்போது கேள்வி. எந்தச் சந்தில் இரவு கதவு தட்டப்படாது என்பதே.

எமது விதிக்கு விலக்காக ஒரே ஓர் இடப்பெயர்வு நாலந்தாவில் பதிவாகியிருக்கிறது. நாலந்தா கெடிகே, 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் எப்போது கட்டப்பட்டது என்று அறிஞர்கள் இன்னும் வாடகை பேசிக்கொண்டிருக்கும் கற்கோயில். மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கம் அது நின்ற நிலத்தை மூழ்கடிக்கும் என்று தெரிந்ததும், 1970களில் கல் கல்லாகப் பிரித்து, 1980 வாக்கில் மேட்டில் மறுபடி அடுக்கி நிறுத்தினார்கள். புரோக்கர் கிடையாது, முன்பணம் கிடையாது. குடியிருந்தவர் வீடு தேடாமல் வீட்டையே கையோடு எடுத்துப்போன நிகழ்வு இது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: கட்டடம் மாமல்லபுரத்தை நினைவூட்டும் பல்லவப் பாணி, உள்ளே பௌத்தம். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக யாரும் வாயிற்படியில் நின்று “என்ன ஆக்கள்?” என்று கேட்டதாகத் தெரியவில்லை.

கெடிகே முறையைக் கொழும்புக்குப் பரிந்துரைக்கலாமா என்று யோசித்தோம். லொறிக் கூலி இடிக்கிறது. அதனால் எமது இறுதிப் பரிந்துரை தபால் திணைக்களத்துக்கு. வெள்ளி மாலை புறக்கோட்டையில் பஸ் ஏறி, திங்கள் விடியமுன் நாலந்தாச் சந்தியில் மறுபடி ஏறி, தலா ஐந்து மணி நேரம் உட்கார்ந்தே உறங்கி, கடுகண்ணாவையில் ஒரு தேத்தண்ணி குடித்து, அங்கேயே முகம் கழுவி, அங்கேயே தலைவாரி வேலைக்குப் போகிற ஜனத்தொகை ஒன்று இருக்கிறது. அவர்கள் வசிக்கும் பிரதேசத்துக்குக் கொழும்பு 16 என்ற இலக்கம் வழங்கப்பட வேண்டும். ஜன்னல் இருக்கை கடல் பக்கமாகவும், நடைவழி இருக்கை தரைப் பக்கமாகவும் கொள்ளப்படும். சமையலுக்கு அனுமதி இல்லை. முன்பணத்தைக் கண்டக்டர் ஏறும்போதே வாங்கிக்கொள்வார், மிச்சக் காசு இறங்கும்போது.