பாதி வண்டி உள்ளே, பாதி வண்டி வெளியே

ஹூஸ்டன், டெக்சாஸ்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

"நாமக்கல்லில் இருந்தவரை பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்காத மாப்பிள்ளை, அங்கே போய் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறாராமே" என்று சிரித்தீர்களாம். எல்லாம் கூலி படுத்தும் பாடு மாமா. இங்கே மெக்கானிக் ஸ்பேனரைத் தொட்டாலே மணிக்கு 100 டாலருக்கு மேல். அதனால் வக்கீல், பல் டாக்டர், கம்ப்யூட்டர் தட்டுகிறவன் எல்லாரும் சனிக்கிழமையானால் கையில் கிரீஸோடு நிற்கிறார்கள். உதிரிபாகக் கடையிலேயே முன்பணம் வாங்கிக்கொண்டு கருவிகளை இரவல் தருகிறார்கள்.

வண்டி ஃபோர்டு எஃப்-150. நம்மூர்க் குட்டியானைக்குப் பெரியப்பா என்று வையுங்கள். 1977 முதல் இந்த நாட்டில் அதிகம் விற்கும் பிக்கப் வரிசை இதுதான். முக்கால்வாசிப் பேர் இதன் தொட்டியில் ஏற்றுவது வெறும் காற்று. நான் சோனா மசூரி மூட்டை ஏற்றுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். பின்பக்கம் பட்டைவில் அல்லவா, பாரம் இருந்தால் படியும். காலியாகப் போனால் பள்ளத்துக்குப் பள்ளம் துள்ளும். பழைய ஷாக் அப்சர்பர் வேறு எண்ணெய் கசிந்து செத்துப்போயிருந்தது.

வண்டி 19 அடி நீளம், ஷெட் அதைவிடக் குட்டை. வாசலில் ஜாக்கி வைத்தால் குடியிருப்போர் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வரும். ஆகவே ரிவர்ஸில் நுழைத்தேன். பின்பாதி சட்டப்படி உள்ளே, முன்பாதி சட்டவிரோதமாக வெளியே.

புது ஷாக் பில்ஸ்டைன் 5100. உள்ளே நைட்ரஜன் அடைத்தது. அமுக்கி வார் போட்டுக் கட்டி அனுப்புகிறார்கள். இடத்தில் மாட்டிய பிறகுதான் வாரை அறுக்க வேண்டும். அறுத்ததும் அது தானே நீண்டு, அடி போல்ட் இருக்கிற இடத்துக்கு நிதானமாக இறங்கி வரும் அழகு இருக்கிறதே! முன்பக்க ஷாக் சுருள்வில்லுக்குள் உட்கார்ந்திருக்கும். அந்த வில்லை அமுக்கிக் கழற்றுவது தலை போகிற வேலை. அதை மட்டும் கடையில் கொடுத்துவிட்டேன், உங்கள் மகள் விதவையாக வேண்டாமே என்று.

பிரேக்குக்குப் புது டிஸ்க், புது பேட். ஆயிலும் மாற்றினேன், அது ஈரத்தை இழுக்கும், இந்த ஊரோ புழுக்கத்துக்குப் பெயர் போனது. ஏர் எடுக்க எடுபிடி வேண்டுமே! உங்கள் மகளையே சீட்டில் உட்கார வைத்தேன். காதில் ஹெட்போன், ஆபீஸ் மீட்டிங். நான் அடியிலிருந்து "மிதி!" என்பேன், மிதிப்பாள். "பிடி!" என்பேன். நிப்பிளைத் திறந்தால் குழாயில் கொப்புளம் கொப்புளமாகக் காற்று வரும். மூடுவதற்குள் காலை எடுத்தாளா, போனது அத்தனையும் திரும்ப உள்ளே. பட்டறையில் வளர்ந்தவள், ஒரு தடவைகூட எடுக்கவில்லை. ஆனால் "பிடிச்சிட்டுத்தான் இருக்கேன், கத்தாதீங்க" என்று அவள் போட்ட சத்தம் மீட்டிங்கில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

ஸ்பீக்கர் மாற்றியது சின்ன வேலை. கதவின் பிளாஸ்டிக் கிளிப்புகள்தான் டக் டக்கென்று உயிரை விட்டன. பின்சீட்டுக்கு அடியில் சப்வூஃபர் வைத்திருக்கிறேன். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் இப்போது முதுகெலும்பில் கேட்கிறது. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் கேட்கிறதாம்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: பட்டறைப் பையனுக்கு நாள் கூலி எவ்வளவு என்று உங்கள் மகள் போன் செய்து கேட்பாள். தயவுசெய்து குறைத்துச் சொல்லுங்கள்.