பேத்தி சொன்ன ‘நீ’

அன்புள்ள அம்மாவுக்கு,

 

போன ஞாயிறு ஃபோனில பேத்தி அப்பாவைப் பார்த்து “நீ சாப்பிட்டியோ?” எண்டு கேட்க, அவர் ஒண்டும் பறையாமல் திண்ணையில போய் இருந்திட்டார் எண்டு தங்கச்சி சொன்னவள். பிள்ளையில பிழை இல்லையம்மா. பிழை நோர்வேயில.

இஞ்ச சின்னன் பெரிசு எல்லாருக்கும் ‘டூ’ தான். எங்களிட்ட நீ, நீர், நீங்கள் எண்டு மூண்டு படி, இவங்களுக்கு வெறுந்தரை. மீன் ஃபக்டரியில சேர்ந்த புதிசில, அறுபது வயது மனுசனைப் பேர் சொல்லி ‘டூ’ எண்ண எனக்கு நாக்கு எழும்பேல்லை. எங்கட குறிகட்டுவான் துறையில நாகவிகாரைக்குப் போற சிங்களச் சனத்தையும் ‘மாத்தயா’ எண்டு மரியாதையாக் கூப்பிட்டுப் பழகின வாயெல்லோ! ஆறு மாசம் ‘டூ’ இல்லாமலே ஓட்டினன். “கத்தி எங்க இருக்குதோ?” “பெட்டி நிறைஞ்சு போச்சுது.” அப்பாவின்ர பேரைச் சொல்லாமல் ‘இஞ்சருங்கோ’வோடயே நாற்பது வருசம் சமாளிச்ச உங்களுக்கு இந்த வித்தை விளங்கும். மனுசன் பாவம், நான் மீனோட கதைக்கிறன் எண்டு நினைச்சிருக்கிறார்.

முந்தி இவங்களிட்டையும் ஒரு மரியாதைச் சொல் இருந்தது. 1956 இல முதல் தமிழரா குருநகர் அன்ரனி இராஜேந்திரம் இஞ்ச வந்திறங்கேக்க அது புழக்கத்தில. 1970களோட கழண்டு போச்சுது. என்ன சொல் எண்டு கேளுங்கோ: ‘டீ’! நல்லகாலம் தப்பினன். கடைக்காரப் பெம்பிளைக்கு மரியாதை குடுக்கிறன் எண்டு ‘டீ’ போட்டிருந்தால், நீங்கள் அங்கயிருந்தே அகப்பைக்காம்பு தூக்கியிருப்பியள்.

ஒண்டில மட்டும் எங்கட ஆக்கள்தான். தாயின்ர தாய் ‘மூர்மூர்’, தகப்பன்ர தாய் ‘ஃபார்மூர்’. அச்சொட்டா அம்மம்மா, அப்பம்மா! பிள்ளை உங்களைக் கீறி, கீழ ‘ஃபார்மூர்’ எண்டு எழுதிவைச்சிருக்கு. கொண்டையைத்தான் தேங்காய் அளவுக்குக் கீறிப்போட்டுது. ஆனா பெரியப்பான்ர மகளும் மாமான்ர மகளும் இவங்களுக்கு ஒரே ‘குசீன’. எங்கட குசினி மாதிரி, எல்லாரையும் அதுக்குள்ள அடைச்சாச்சு. அக்கா ஆர், மச்சாள் ஆர் எண்டு தெரியாட்டில் ஊரில கலியாணம் பேசேலுமோ?

இப்ப பிள்ளைக்கு ‘நீங்கள்’ பழக்கிறன். நல்லா ஏறியிருக்கு. நேற்று பனிக்குள்ள நிண்ட பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்த்து, “நீங்கள் உள்ளுக்கு வாங்கோ, குளிரெல்லோ” எண்டது. எனக்கு மட்டும் இன்னும் ‘நீ’ தான்.

ஞாயிறு எடுப்பம். அப்பாவைத் திண்ணையால எழுப்பிக் கிட்ட இருத்திவையுங்கோ.

உங்கட அன்பு மகன்