எண்ணெய்ச் சட்டி

ஆலையடிவேம்பில் வடை சுட்டு விற்கப் பிரதேச சபை உரிமம் வேண்டும். பி.எச்.ஐ. என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எண்ணெய்ச் சட்டியை எட்டிப் பார்ப்பார். கறுத்திருந்தால் கொட்டச் சொல்வார். நியாயம்தான். ஆனால் 1984-இல் கே.எம்.எஸ். என்ற பிரித்தானியக் கூலிப்படைக் கம்பனி பொலிஸ் விசேட அதிரடிப்படையான எஸ்.ரி.எப்.புக்குப் பயிற்சி கொடுக்க இலங்கைக்கு வந்தபோது எட்டிப் பார்க்க ஒருவருமில்லை. அது தனியார் வியாபாரம், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது லண்டன். அந்த எஸ்.ரி.எப். அம்பாறைக் கரையில் என்ன செய்தது என்று இங்குள்ள வயசாளிகளிடம் கேளுங்கள். வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுவார்கள்.

பிறகு உலகத்துக்கும் அக்கறை வந்தது. 2008-இல் 17 நாடுகள் கூடி மொன்ட்ரோ ஆவணம் எழுதின: இத்தகைய கம்பனிகள் ஒழுங்காக நடக்க வேண்டும், ஆனால் ஆவணம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது! 2020-இல் லண்டன் பொலிசின் போர்க்குற்றப் பிரிவு கே.எம்.எஸ். கோப்பைத் திறந்தது. 36 வருஷம். கம்பனிக்காரர்களின் சம்பளம் மட்டும் அந்தந்த மாதமே கிடைத்திருக்கும்.